நோட்டில் விடுபட்ட வரி: புராஸ்டேட் புற்றுநோய் திரும்பிவந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இவருக்கு 68 வயது. கொங்கு மண்டலத்தில் ஒரு நூல் மில்லில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இருக்கிறார். மகள் கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கிறார், மகனுக்கு பெங்களூரில் வேலை. புற்றுநோய் மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் அவரை அனுப்பியவர் அறுவை செய்த சிறுநீரியல் மருத்துவர். சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: "பேச மறுக்கிறார், முடிவெடுக்க முடியவில்லை." அடையாளம் தெரியாமலிருக்க ஊர், தொழில், குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்குச் சம்மதம் கேட்டபோது, "என்னைய மாத்திக்குங்க, நம்பரை மட்டும் மாத்தாதீங்க" என்றார். இனி அவரை ஐயா என்றே குறிப்பிடுகிறேன்.

முதல் தடவை

64 வயதில் ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்தது. அது பெரும்பாலும் வயதானால் புராஸ்டேட் சுரப்பியில் வரும் சாதாரண வீக்கத்தால்தான். அதற்காகப் போன இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் அளவு, 11.4 என்று வந்தது. பயாப்ஸியில், புற்றின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 4+3, அதாவது நடுத்தரத்தில் மேல்படி. புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். நெறிகட்டிகளில் நோய் இல்லை. ஆனால் எடுத்த சுரப்பியின் விளிம்பில் ஓரிடத்தில் புற்றணுக்கள் தொட்டுக்கொண்டிருந்தன.

அதன் பிறகு ஒன்றரை வருடம் பிஎஸ்ஏ 0.01-க்குக் கீழேயே இருந்தது. "இனி ஒண்ணும் இல்லை" என்று சொல்லி அனுப்பியதாக ஐயா சொல்கிறார். மருத்துவர் அப்படியே சொன்னாரா, இவர் அப்படிக் கேட்டுக்கொண்டாரா என்பது தெரியாது. இந்த வாக்கியம் நோயாளிகள் காதில் எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும்.

சுரப்பி போனதோடு வேறு இரண்டும் போயின. சிறுநீர்க் கட்டுப்பாடு முதல் வருடம் முழுக்கத் தொல்லை கொடுத்து, பிறகு இருமினால், எடை தூக்கினால் மட்டும் கசியும் என்ற அளவுக்கு வந்தது. விறைப்பு திரும்பவே இல்லை. இதை அவரிடமிருந்து தெரிந்துகொள்ள வெகு நாளானது. அதற்கு முன்பே மகள் ஒரு தகவல் சொன்னார்: காலமெல்லாம் வெள்ளை வேட்டியே கட்டிய மனிதர், ஆபரேஷனுக்குப் பிறகு அடர்நீல பேண்டைத் தவிர வேறெதையும் போடுவதில்லை, கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

நார்மல் என்று அச்சடித்த சீட்டு

ஐயா ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார், மில்லில் பேரேடு போட்ட அதே வகை. இடப்பக்கம் தேதி, நடுவில் ஆய்வகத்தின் பெயர், வலப்பக்கம் சிவப்பு மையில் பிஎஸ்ஏ. 0.04, 0.06, 0.09, 0.12 என்று ஆறு மாதத்துக்கு ஒரு வரி. அதற்குக் கீழே தேதி மட்டும் எழுதி, எண் இல்லாத ஒரு வரி.

ஆய்வகச் சீட்டில் பிஎஸ்ஏ-வுக்குப் பக்கத்தில் "0 முதல் 4 வரை இயல்பு" என்று அச்சடித்திருக்கும். அது சுரப்பி உடம்பில் இருப்பவர்களுக்கான அளவு. சுரப்பியை எடுத்துவிட்டவருக்கு பிஎஸ்ஏ சுரக்க இடமே இல்லை. கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான் இருக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு 0.2 அல்லது அதற்கு மேல் வந்து, இன்னொரு தடவை எடுத்தாலும் அப்படியே இருந்தால், நோய் ரத்த அளவில் திரும்பியிருக்கிறது என்று கணக்கு. கதிர்வீச்சை முதல் சிகிச்சையாக எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. மிகக் குறைந்து நின்ற அளவிலிருந்து 2 கூடினால்தான் அப்படிச் சொல்வார்கள். ஊர் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் பையனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஒவ்வொரு தடவையும் "நார்மல்தான் சார்" என்று சிரித்தபடி கொடுத்திருக்கிறான். இது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. ஒரு ரப்பர் ஸ்டாம்பில் தீர்ந்துபோகும் விஷயம் இது, எந்த ஆய்வகமும் செய்வதில்லை.

எண் இல்லாத அந்த வரியின் கதை வேறு. அந்தத் தடவை அறிக்கை மகனின் வாட்ஸ்அப்புக்குப் போனது. 0.16. மகன் இணையத்தில் தேடினார், பயந்தார், அம்மாவிடமும் தங்கையிடமும் மட்டும் சொன்னார். அப்பாவிடம் "நார்மல்தான்ப்பா, பிரிண்ட் அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்றார். அடுத்த ஆறு மாதம் வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும், உடம்புக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. முள்சீத்தா இலைக் கஷாயம் திடீரென்று தினமும் வந்தது. மகன் மாதம் இருமுறை ஊருக்கு வர ஆரம்பித்தார். ஐயாவுக்குச் சந்தேகம் இல்லாமலில்லை, கேட்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் 0.22. ஒன்றரை மாதம் கழித்து எடுத்ததில் 0.23. அதைப் பேசப் போன அன்றுதான் மருத்துவமனைக் கோப்பில் பழைய 0.16 அறிக்கையைப் பார்த்தார். வெளிநோயாளிப் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்து மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்து, பேனா மூடியைத் திறந்து, எண்ணை எழுதாமலே மூடிவிட்டார் என்று மனைவி சொன்னார். அன்று வீட்டுக்குப் போன பிறகு மகனிடம் பேச்சு நின்றது.

வந்த நிலை

முதல் சந்திப்பில் மகன்தான் பேசினார். "உடனே ரேடியேஷன் ஆரம்பிக்கணும், ஹார்மோன் ஊசியும் போடணும், ஒரு நாள்கூட லேட் பண்ணக்கூடாது, இவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்." மனைவி, "இவரு சாப்பிடறதே இல்லைங்க" என்றார். ஐயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னேன்.

மன அழுத்தத்தை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும் வெப்பமானிப் படம் ஒன்று உண்டு. இன்று எல்லாப் புற்றுநோய்களுக்கும் பயன்படுகிறது. 1998-இல் வெளிவந்த அதன் முதல் சோதனை புராஸ்டேட் நோயாளிகளிடம்தான் நடந்தது. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் ஆண்ட்ரூ ராத் குழு செய்தது. வயதான ஆண்களிடம் "மனசு எப்படி இருக்கு" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும், ஆனால் ஓர் எண்ணைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கணக்கருக்கு இது இன்னும் தோது. 8-இல் கோடு போட்டார். 4 அல்லது அதற்கு மேல் போனாலே கூர்ந்து கவனிக்க வேண்டும்.

தாளின் மறுபாதியில் பிரச்சினைப் பட்டியல் இருக்கும். தூக்கம், பசி, குடும்பம், பணம் என்று வரிசையாக. 'தாம்பத்தியம்' என்ற கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டு அழித்திருந்தார். அழித்த இடம் தாளில் பளிச்சென்று தெரிந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பெண் ஆலோசகரிடம் முதல் நாளே பேசும் விஷயம் அல்ல அது.

மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ-9 வினாத்தாளில் 12 வந்தது, அதாவது மிதமான அளவு. கடைசிக் கேள்வியை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பதை, வாய்விட்டே கேட்டேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு, அதில் உண்மை இல்லை. "போய்ச் சேந்துட்டா தேவலைன்னு தோணுமுங்க. நானாத் தேடிப் போக மாட்டேன்" என்றார். திட்டம் எதுவும் இல்லை. இருந்தும் மனநல மருத்துவர் அதே வாரம் பார்த்தார். மாத்திரை தொடங்காமல் கவனித்து வரலாம் என்றார். மகளிடம் 14416 டெலி மனஸ் மனநல உதவி எண்ணையும் தமிழக அரசின் 104 எண்ணையும் எழுதிக் கொடுத்தோம்.

எதன் மீது கோபம்

நோய் திரும்பியவர்களுக்குச் சாவு பயம்தான் முதன்மை என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். ஐயாவிடம் நான் பார்த்தது வேறு. "அன்னிக்கு வேட்டியும் போச்சு, வீட்டுக்காரிகூட ஒரு கட்டில்ல படுக்கறதும் போச்சு. அது போனா இது போயிரும்னு சொன்னாங்க. அது போச்சு, இது போகலையே" என்றார். விலை கொடுத்தாயிற்று, சரக்கு வரவில்லை. அதோடு இப்போது அடுத்த விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். இது துக்கம், ஏமாற்றப்பட்ட கோபமும் கூடியது. அதை மனச்சோர்வு என்று மட்டும் பெயரிட்டு மருந்தெழுதி அனுப்பியிருந்தால் அவர் திரும்பி வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, அப்போதே கதிர்வீச்சுக்குப் போயிருக்கலாமே என்ற உறுத்தல். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023-இல் வந்தன: அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்த வழியில் போனாலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் 3 சதவீதத்துக்கும் குறைவு, மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இவரைவிடத் தீவிரம் குறைந்தவர்கள் என்பதையும் சேர்த்தே மருத்துவர் சொன்னார். ஐயாவை அது ஒன்றும் தேற்றவில்லை. உறுத்தலுக்குப் பதில் புள்ளிவிவரத்தில் கிடைப்பதில்லை. யாராவது குறுக்கே பேசாமல் ஒரு மணி நேரம் கேட்டால் அதன் கூர்மை கொஞ்சம் மழுங்கும்.

மகனின் மேல் இருந்த கோபம்தான் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நின்றது. எண் மறைக்கப்பட்டதால் அவருக்கு எந்த எண்ணும் நம்பும்படி இல்லை. மருத்துவர் சொல்வதிலும் பாதியை மறைக்கிறார்கள் என்று எண்ணினார். மறைத்தவருக்கு அது பாசம். நம் வீடுகளில் இந்தப் பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் அதற்கான செலவு முழுக்க நோயாளியின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. அப்பாவையும் மகனையும் ஒன்றாக உட்காரவைத்தேன். மகன் வெகுநேரம் விளக்கம் சொன்னார். ஐயா கேட்டது ஒன்றே: "ஆறு மாசம் என்னைய முட்டாளாக்கி உக்கார வச்சிருந்தீங்களே கண்ணு, வேற எதையாச்சும் மறைச்சிருக்கிறயா?" இல்லை என்றார் மகன். அன்றே ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் கொடுத்திருந்த தொலைபேசி எண் மாற்றப்பட்டது. இனி அறிக்கை ஐயாவின் போனுக்கே வரும்.

அவசரம் யாருக்கு

புராஸ்டேட் புற்று உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கும் எதுவும் தெரியவில்லை. குடும்பம் சந்தோஷப்பட்டது, ஐயா இன்னும் குழம்பினார். ரத்தம் இருக்கிறது என்கிறது, படம் இல்லை என்கிறது. இவ்வளவு குறைந்த பிஎஸ்ஏ-வில் ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம், தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகாது என்று கதிர்வீச்சு மருத்துவர் விளக்கினார்.

பிறகு அவர் ஐயாவின் நோட்டைக் கேட்டு வாங்கினார். 0.09, 0.12, விடுபட்ட 0.16, 0.22. இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகிறது என்று போட்டுப் பார்த்தால் சுமார் 14 மாதம். இரட்டிப்பு ஒரு வருடத்துக்கு மேல், கிளீசன் 8-க்குக் கீழ் என்றால் ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி இது திரும்பிய நோய்களில் அபாயம் குறைந்த வகை. 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். அறுவைக்குப் பின் பிஎஸ்ஏ ஏறிய 304 பேரை, வேறு இடத்தில் பரவும் வரை ஹார்மோன் சிகிச்சை கொடுக்காமல் கவனித்தார்கள். பிஎஸ்ஏ ஏறியதிலிருந்து பரவல் தெரிய நடுமதிப்பாக 8 ஆண்டு, பரவியதிலிருந்து மரணம் வரை 5 ஆண்டு. ஐயா உடனே கூட்டினார். "அறுபத்தெட்டும் பதிமூணும் எம்பத்தொண்ணு." பாதிப் பேருக்கு அதற்கு முன்னாலும் பாதிப் பேருக்குப் பின்னாலும் நடக்கும் என்று மருத்துவர் திருத்தினார். "தெரியுமுங்க, நடுவுல நிக்கிறதுதானே" என்றார். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் முகம் நிமிர்ந்தது அப்போதுதான்.

முடிவெடுக்க வாரங்கள் இருந்தன, மாதங்கள்கூட இருந்தன. "ஒரு நாள்கூட லேட் பண்ணக்கூடாது" என்பது நோயின் அவசரம் அல்ல, மகனின் அவசரம். இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: பயத்தில் இருப்பவருக்கு ஏதாவது செய்துவிட்டால் பயம் இறங்கும், அதனால் நோயாளியைத் தள்ளுகிறார். தள்ளப்பட்டவர் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். அதற்கு 'ஒத்துழைக்காத நோயாளி' என்று பெயர் வந்துவிடுகிறது.

மூன்று வழிகள்

ஒன்று, இப்போதைக்கு எதுவும் செய்யாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது. இரண்டு, சுரப்பி இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சு. விளிம்பில் நோய் தொட்டிருந்ததால் மிச்சம் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் இது பலன் தரலாம்; பிஎஸ்ஏ 0.5-ஐத் தாண்டுவதற்குள் கொடுத்தால்தான் நல்லது. மூன்று, கதிர்வீச்சோடு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஹார்மோன் சிகிச்சை.

மகன் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். ஹார்மோன் ஊசி ஆண் ஹார்மோனை அடக்கிவிடும். புராஸ்டேட் புற்று அந்த ஹார்மோனைத் தின்றுதான் வளர்கிறது என்று 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து வலுவானதுதான். ஆனால் உடம்பு திடீரெனக் கொதிப்பது, தசை குறைவது, எலும்பு மெலிவது, காரணமில்லாமல் அழுகை வருவது, மனச்சோர்வு எல்லாம் கூடவே வரலாம். ஏற்கெனவே பிஹெச்க்யூ 12-இல் நிற்பவர் விஷயத்தில் இதைத் தராசில் வைக்காமல் இருக்க முடியாது. கதிர்வீச்சோடு இரண்டு வருடம் பைக்காலுட்டமைடு என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2017-இல் வந்தது. மொத்தத்தில் ஆயுள் கூடியது, ஆனால் பிஎஸ்ஏ 0.7-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு அந்தப் பலன் தென்படவில்லை. ஐயாவின் அளவு அதில் மூன்றில் ஒரு பங்கு.

நான் அவரிடம் கேட்டது, எது போனாலும் பரவாயில்லை, எது போகவே கூடாது என்பதை மட்டும். அடுத்த தடவை வரும்போது நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். போகக்கூடாதது: கோயில் கமிட்டிக் கணக்கு எழுதும் அளவு தெளிவு, நாலு பேரோடு வாடை இல்லாமல் உட்காருவது. போனாலும் பரவாயில்லை என்ற பக்கத்தில் "ஆயுசில் ரெண்டு வருசம்" என்றிருந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு, "அதை அடிங்க" என்றார். அவர் அடிக்கவில்லை.

கசிவு கூடிவிடுமோ என்பதுதான் கதிர்வீச்சுக்கு எதிரான அவருடைய உண்மையான தடை. கையெழுத்துப் போடாததற்கு அதுதான் காரணம் என்று அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இடுப்புத்தளத் தசைப் பயிற்சிக்கு ஆண் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம். பென்சிலில் அழித்த விஷயத்தை அவரிடம்தான் பேசியிருக்கிறார். அதன்பின் மனைவியையும் சேர்த்து ஒரு தடவை என்னிடமும் பேசினார். மனைவி சொன்னது: "நாலு வருசமா சுவத்தைப் பாத்துப் படுத்திருக்காரு. எனக்கு அது வேணும்னு நான் எப்பக் கேட்டேன்? பக்கத்துல படுத்து ரெண்டு வார்த்தை பேசுனாப் போதாதா?" ஐயா பதில் சொல்லவில்லை. காது சிவந்துபோனது.

மூன்று மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டார். அதே ஆய்வகத்தில் திரும்ப எடுத்த பிஎஸ்ஏ 0.27. இடம் மாறினால் கருவிக்குக் கருவி எண் கொஞ்சம் மாறும் என்பதால் அதே ஆய்வகம். இரண்டாவது வழியைத் தேர்ந்தார், ஹார்மோன் இல்லாமல். "தேவைப்பட்டா அப்புறம் பாத்துக்கலாமுங்க, இப்பவே எல்லாத்தையும் செலவழிச்சுட்டா எப்படி?" மருத்துவருக்கும் சம்மதம். மகனுக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் கையெழுத்து அப்பாவுடையது என்பதை ஒத்துக்கொண்டார்.

கதிர்வீச்சு வாரங்கள்

33 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 66 கிரே அளவுக் கதிர். வலி கிடையாது, மேசையில் படுத்திருப்பது சில நிமிடம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சிகிச்சையின்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கசிவு இருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு நரகம். அதுவும் முன்னால் இருப்பவருக்கு மெஷின் நேரம் இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முதல் வாரம் இரண்டு நாள் பேண்ட் நனைந்து, இனி வரமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார். தொழில்நுட்பர் ஒருவர் காலையின் முதல் இடத்தை அவருக்கு ஒதுக்கினார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் பேசிய எல்லாவற்றையும்விட அந்த ஒதுக்கீடுதான் அவரைச் சிகிச்சையில் நிறுத்தியது என்று சொன்னால் மிகையில்லை.

நாலாவது வாரத்தில் அடிக்கடி மலம் கழிக்கும் உணர்வும் அசதியும் வந்தன. சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதத்தில் அடங்கின. கசிவு கொஞ்சம் கூடியது, பிறகு பழைய நிலைக்கு வந்தது. கதிர்வீச்சின் விளைவுகள் வருடங்கள் கழித்தும் தலைகாட்டலாம் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று மாதத்தில் பிஎஸ்ஏ 0.11, ஆறு மாதத்தில் 0.06. வெப்பமானியில் 3, பரிசோதனை வாரத்தில் மட்டும் 6. பிஎஸ்ஏ முடிவுக்காகக் காத்திருக்கும் பதற்றத்தை அளக்கவே தனியாக ஒரு வினாத்தாள் இருக்கிறது என்று சொன்னபோது, "அப்ப நான் ஒருத்தன் மட்டும் இல்லையா" என்று கேட்டார். ரத்தம் கொடுத்த அன்றே முடிவு வரும்படி, மருத்துவரைப் பார்க்கும் நாளின் காலையில் எடுக்க ஏற்பாடு செய்துகொண்டார். வேட்டிக்குத் திரும்பவில்லை. பந்தியில் உட்காருகிறார், கடைசி வரிசையில், வாசல் பக்கமாக.

மகன் ஒருநாள் தனியாக என்னிடம் வந்தார். அப்பாவைப் பற்றிப் பேசத்தான் என்றார், கொஞ்ச நேரத்தில் பேச்சு அவரைப் பற்றி ஆனது. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் வாய்ப்பு கூடும் என்று அந்த 0.16 வந்த ராத்திரியிலேயே படித்திருக்கிறார். இரண்டு வருடமாக மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள் 45 வயதிலிருந்து மருத்துவரிடம் பேசி பிஎஸ்ஏ பார்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவான பரிந்துரை. அவருக்கு இப்போது 42. அறிக்கை வந்தால் யாருக்கு முதலில் போக வேண்டும் என்று கேட்டேன். மனைவியிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.